தகட்டுக்குள் தகைவு எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஜெட் என்ஜின் பாகங்களின் மேல் பூசப்படும் செராமிக் பூச்சு ஏன் உரிந்து விழுகிறது என்று எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில், ‘பூச்சே வேண்டாம், பொருளையே படிப்படியாக மாற்றிவிடலாம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றியவைதான். ஆகவே இந்த மாதம் முழுக்க அதற்கே.

ஒரு வசதிக்காக எல்லாப் பதில்களிலும் ஒரே தகட்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன். 500 மில்லிமீட்டர் சதுரம், 10 மில்லிமீட்டர் தடிமன். மேல்முகம் முழுக்க அலுமினா என்னும் செராமிக். அடிமுகம் முழுக்க அலுமினியம். நடுவில் கீழிருந்து மேலே போகப்போக செராமிக்கின் பங்கு ஒரே சீராக 0 முதல் 100 சதவீதம் வரை ஏறுகிறது. இப்படிப் படிப்படியாக மாறும் பொருளைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃபங்ஷனலி கிரேடட் மெட்டீரியல்’, சுருக்கமாக எஃப்.ஜி.எம். என்கிறார்கள்.

கேள்வி: என் பேரன் பொறியியல் இறுதியாண்டில் ‘எஃப்.ஜி.எம். தகடு’ என்று ஏதோ செய்கிறான். இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் போதாதா? இது எந்த ஊர்க் கண்டுபிடிப்பு? இயற்கையில் இப்படி ஏதாவது உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்

அம்மா, ஒட்டலாம். ஒட்டிய பிறகு சூடாக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும், அலுமினா 7.4 பங்குதான். நம் தகட்டின் நீளத்துக்கு, 50 டிகிரி சூடேற்றினால் அலுமினியம் 0.58 மில்லிமீட்டர் நீள விரும்புகிறது, அலுமினா 0.19 மில்லிமீட்டர்தான் நீள விரும்புகிறது. ஒட்டிய கோட்டில் இருவரும் இழுபறி செய்கிறார்கள். ஆறும்போது மறுபடியும் இழுபறி. சில நூறு தடவை இப்படி நடந்தால் கோடு வாயைப் பிளக்கும்.

இந்தக் கோட்டையே இல்லாமல் செய்துவிடலாம் என்று முறையாக முயன்றவர்கள் ஜப்பானியர்கள். 1980களின் நடுவில், விண்வெளிக்குப் போய்த் திரும்பும் விமானம் ஒன்றுக்காக செண்டாய் பகுதி ஆய்வாளர்கள் இதில் இறங்கினார்கள். அவர்கள் முன்னால் இருந்த தேவையைக் கேட்டால் தலை சுற்றும்: மேற்பரப்பு 2000 கெல்வின் வெப்பநிலையைத் தாங்க வேண்டும், 10 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குள் 1000 கெல்வின் வித்தியாசத்தையும் தாங்க வேண்டும். 1990இல் இந்தப் பொருள்களுக்கான முதல் சர்வதேசக் கருத்தரங்கம் அதே செண்டாயில்தான் கூடியது.

இயற்கையில் உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்து சிவாஜிநகர்ப் பக்கம் போனால் பாம்பூ பஜார். அங்கே அறுத்துப் போட்ட ஒரு மூங்கிலின் முனையை நன்றாகப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரியும், அவை நார்க்கற்றைகள். வெளித்தோலை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே வர வர இடைவெளி விடும். வளையும்போது வெளிப்பக்கம்தான் அதிகம் இழுபடும் என்பது மூங்கிலுக்குத் தெரிந்திருக்கிறது. பேரனையும் அழைத்துப் போங்கள். மேஜையிலிருந்து எழுந்த மாதிரியும் இருக்கும்.

கேள்வி: நான் எம்.டெக். படிக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியான தகட்டில் மேலும் கீழும் சராசரி எடுத்துக் கணக்குப் போட்டால் ஒரு தொய்வு வருகிறது; மென்பொருள் அதைவிட அதிகமாகக் காட்டுகிறது. எதை நம்புவது?
– மாணவி, மத்திகெரே

மென்பொருளை நம்புங்கள், ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண் மீட்சிக் குணகம். அலுமினாவுக்கு அது 380 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. சராசரி 225. நீங்கள் செய்தது, 225 உள்ள ஒரே பொருளாலான தகடாக நினைத்து, தடிமனின் நட்டநடுவைச் சுற்றித் தகடு வளைகிறது என்று எடுத்துக்கொண்டது. தகடு அப்படி வளைவதில்லை. விறைப்பு அதிகமுள்ள பக்கத்துக்கு நடுநிலைத் தளம் நகர்ந்துவிடும். நீளவும் சுருங்கவும் செய்யாத அந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டால், நட்டநடுவிலிருந்து தடிமனில் 0.115 பங்கு, அதாவது 1.15 மில்லிமீட்டர், செராமிக் பக்கம் ஏறி நிற்கிறது. இதைச் சேர்த்தால் வளைவு விறைப்பு 16 சதவீதம் குறைகிறது. தொய்வு 19 சதவீதம் கூடுகிறது. உங்கள் வித்தியாசம் ஏறக்குறைய அதுதானே?

எண்களாகவே பார்த்துவிடுவோம். நான்கு ஓரங்களும் தாங்கியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, பக்கவாட்டில் நகரத் தடை இல்லை. மேலே சதுர மீட்டருக்கு 10,000 நியூட்டன். நம் தகட்டின் மேல் அது சுமார் 255 கிலோ எடையைப் பரப்பி வைத்த மாதிரி. முழு அலுமினாவாக இருந்தால் நடுவில் 0.073 மில்லிமீட்டர் தொய்யும். முழு அலுமினியமாக இருந்தால் 0.40. நம் கலப்புத் தகடு 0.146. பாதிக்குப் பாதி கலந்தும், அலுமினாவைப்போல இரண்டு மடங்குதான் தொய்கிறது. அலுமினியமோ ஐந்தரை மடங்கு. இது நல்ல பேரம்தான்.

தொய்வோடு நிறுத்திவிடாதீர்கள். ஆய்வேடுகளில் தொய்வு வரைபடம் ஐந்து பக்கம் வரும், தகைவு வரைபடம் ஒன்றுதான் வரும். தகடு உடைவதோ தகைவால், அதாவது பொருளுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசையால்; அங்கே ஒரு நியூட்டன் விழுந்தால் ஒரு மெகாபாஸ்கல். ஒரே பொருளாலான தகட்டில் நடுப்புள்ளியின் மேல்முகத்தில் 7.2 மெகாபாஸ்கல் அமுக்கம், அடிமுகத்தில் அதே 7.2 இழுவிசை. நம் தகட்டில் மேல்முகச் செராமிக் 11.1 மெகாபாஸ்கல் அமுக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. அடிமுக அலுமினியத்துக்கு 3.3 மெகாபாஸ்கல் இழுவிசைதான். அமுக்கத்தைத் தாங்குவதில் செராமிக் கெட்டிக்காரன், இழுத்தால் பொட்டென்று போய்விடுவான். ஆகவே இந்தப் பங்கீடு நியாயமானது. யாராவது தகட்டைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் அதே 11.1 இழுவிசையாகச் செராமிக்கின் மேல் விழும். வரைபடத்தில் ‘இந்த முகம் மேலே’ என்று எழுதாத வடிவமைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாதாரணத் தகட்டில் இழுவிசை மிக அதிகமாக இருப்பது அடிமுகத்தில். நம் தகட்டில் அப்படி இல்லை. அடிமுகத்திலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உள்ளே போனால் இழுவிசை 4.2 மெகாபாஸ்கல், முகத்தில் இருப்பதைவிட கால் பங்குக்கு மேல் அதிகம். காரணம் சிக்கலானதல்ல. தகைவு என்பது திரிபையும் (தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதையும்) விறைப்பையும் பெருக்கி வருவது. அடிமுகத்திலிருந்து உள்ளே வரும்போது திரிபு மெல்லக் குறைகிறது, விறைப்போ வேகமாக ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் உச்சம் உள்ளே ஒளிந்துகொள்கிறது. அந்த இடத்தில் செராமிக் துகள் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருக்கும்; சுத்த அலுமினியத்தின் இளகிக்கொடுக்கும் குணம் அங்கே இருக்காது. நீங்கள் அடிமுகத்தில் திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, அந்த அளவையும் அலுமினியத்தின் குணகத்தையும் வைத்து ‘இழுவிசை 3.3, கவலையில்லை’ என்று எழுதிவிட்டுப் போனால், அந்த 4.2 உங்கள் கண்ணிலேயே படாது.

கேள்வி: என் வழிகாட்டிப் பேராசிரியர் நான் கணக்கிட்ட நெளிவுச் சுமையைப் பார்த்து, ‘இந்தத் தகட்டுக்கு நெளிவுச் சுமையே கிடையாது’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அமுக்கினால் எந்தத் தகடும் ஒரு கட்டத்தில் நெளியத்தானே வேண்டும்?
– ஆய்வு மாணவர், பன்னேர்கட்டா சாலை

தம்பி, உங்கள் ஓரங்கள் தாங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கின்றனவா, இறுகப் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா? கடிதத்தில் அதைத்தான் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் பேராசிரியர் சொன்னது சரி.

ஒரே பொருளாலான தட்டையான தகட்டை இருபுறமும் அமுக்கினால், அது தட்டையாகவே சுருங்கிக்கொண்டு வந்து, ஒரு குறிப்பிட்ட சுமையில் திடீரென ஒருபக்கமாக நெளியும். அந்தத் திடீர்ச் சுமைதான் நீங்கள் தேடுவது. நம் தகட்டில் நடுநிலைத் தளம் 1.15 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. நீங்களோ தடிமனின் நடுவில் அமுக்குகிறீர்கள். ஒரு இடுப்பில் குடத்தை வைத்தவர் எப்படி முதல் அடியிலிருந்தே மறுபக்கம் சாய்ந்து நடப்பாரோ, அப்படித் தகடு முதல் நியூட்டனிலிருந்தே வளையத் தொடங்கிவிடுகிறது. தட்டையாக இருந்த நிலையே இல்லாதபோது, அந்த நிலை முடிகிற சுமை என்று ஒன்றை எங்கே போய்த் தேடுவது? மென்பொருள் ஒரு எண்ணைத் தருகிறது என்றால், தட்டையாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொன்னதை அது அப்படியே நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறது.

ஓரங்களை இறுகப் பிடித்தால் கதை வேறு. தகட்டை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசையை அந்தப் பிடியே எதிர்த்து நிறுத்திவிடும். தகடு தட்டையாகவே இருக்கும். பிறகு உண்மையான நெளிவுச் சுமை ஒன்று வரும். சும்மா உட்கார்ந்த ஓரம்தான் வேண்டுமென்றால், அமுக்கும் விசையைச் சரியாக நடுநிலைத் தளத்தின் வழியாகக் கொடுங்கள். அப்போதும் தட்டையாக இருக்கும். காகிதத்தில் இது சுலபம். சோதனை மேடையில் 1.15 மில்லிமீட்டர் தள்ளி விசையைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் பேராசிரியர் மேல் மரியாதை கூடும்.

கேள்வி: சுமைக்குக் கலப்புத் தகடு இரண்டு பொருள்களுக்கும் இடையில் நடந்துகொள்கிறது என்கிறீர்கள். சூட்டுக்கும் அப்படித்தானே?
– மத்திகெரே மாணவியின் அதே கடிதத்தில் இரண்டாம் கேள்வி

இல்லை. முழு அலுமினாத் தகட்டைத் தடையில்லாமல் வைத்து, மேலும் கீழும் ஒரே மாதிரி 50 டிகிரி சூடேற்றுங்கள். கொஞ்சம் பெரிதாகும், வளையாது. முழு அலுமினியத் தகடும் அப்படியே. இரண்டின் வளைவும் சுழி. சுழிக்கும் சுழிக்கும் இடையில் எந்த எண் இருக்கிறது?

நம் தகடோ வளையும். அலுமினியப் பக்கம் அதிகம் நீள, தகடு அடிப்பக்கம் புடைத்து, 500 மில்லிமீட்டர் நடுக்கோட்டின் நீளத்தில் 2.4 மில்லிமீட்டர் குழியும். 255 கிலோ ஏற்றியபோது வந்த தொய்வு 0.146 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். வெறும் 50 டிகிரி அதைப்போல 16 மடங்குக்கும் மேல் செய்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வெப்ப விரிவு மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால், இவ்வளவு வளைந்தும் தகட்டுக்குள் தகைவே இராது. ஒவ்வொரு படலமும் தனக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இப்போது வளையாமலும் நீளாமலும் ஓரங்களை இறுகப் பிடித்துவிட்டு அதே 50 டிகிரி ஏற்றுங்கள். அலுமினா முகத்தில் சுமார் 200 மெகாபாஸ்கல் அமுக்கம், அலுமினிய முகத்தில் 115. உச்சம் முகங்களில் இல்லை, உள்ளே, நட்டநடுவிலிருந்து சுமார் 1.2 மில்லிமீட்டர் செராமிக் பக்கம், ஏறக்குறைய 250. சுத்த அலுமினியம் 115ஐ எதிர்த்து நிற்காது, அதற்குள் நிரந்தரமாக உருமாறிவிடும். பிறகு ஆறும்போது வேறொரு தொல்லை ஆரம்பிக்கும்.

ஆக, படிப்படியாகக் கலப்பதால் இரண்டு பொருள்களுக்கும் இடையிலான பொருத்தமின்மை காணாமல் போவதில்லை. ஒட்டுக்கோட்டில் குவிந்திருந்தது தகடு முழுக்கப் பரவுகிறது. ஓரத்தை விட்டால் வளைவாக வெளியே தெரியும், பிடித்தால் தகைவாக உள்ளே உட்காரும். செராமிக் பக்கத்தைச் சூட்டுக்குக் காட்டுவதன் தந்திரமும் இதில்தான் இருக்கிறது: குறைவாக விரியும் பக்கம் அதிகச் சூடாகவும், அதிகமாக விரியும் பக்கம் குறைந்த சூட்டிலும் இருந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீளும்படி அமைத்துக்கொள்ளலாம். ஒரே சீராகச் சூடாகும் இடத்தில் இந்தத் தகட்டைப் பொருத்துவது வீண்வேலை.

கேள்வி: வீட்டில் வாங்கிய மூன்றடுக்கு வாணலியும் இந்த வகையா?
– இல்லத்தரசி, ஜீவன்பீமா நகர்

இல்லை. அது எவர்சில்வர், அலுமினியம், எவர்சில்வர் என்று அழுத்தி ஒட்டிய மூன்று தகடுகள். கோடு கோடாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் எவர்சில்வர் என்பதால் சூட்டில் ஒருபக்கமாக அவ்வளவாக வளைவதில்லை. நல்ல வாணலிதான், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தகடு வளைவதைக் கணக்கிட கிர்ச்சாஃப், மிண்ட்லின், ரெட்டி என்று மூவர் பெயரில் மூன்று கோட்பாடுகள். எதை எடுத்துக்கொள்வது?
– பெயர், ஊர் இல்லை

கிர்ச்சாஃப் 1850, மெல்லிய தகடு. நம் தகட்டின் நீளம் தடிமனைப்போல 50 மடங்கு, அதற்கு அவரே போதும்; மேலே நான் போட்ட சுமைக் கணக்கெல்லாம் அவர் வழிதான். நீளம் தடிமனைப்போல பத்து மடங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டால், படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்ப்பதால் வரும் சறுக்குத் திரிபையும் சேர்க்க வேண்டும். அங்கே 1951இன் மிண்ட்லின். ஆனால் அவரோடு கூடவே வரும் 5/6 என்ற திருத்தக் காரணி ஒரே பொருளாலான தகட்டுக்குப் பழகிப்போனது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கலப்புத் தகட்டில் ஒட்டாதீர்கள். ரெட்டியின் 1984ஆம் ஆண்டு மூன்றாம்படிக் கோட்பாட்டில் மேல், கீழ் முகங்களில் சறுக்குத் தகைவு தானாகவே சுழியாகிவிடும், காரணி தேவைப்படாது. தடித்த தகடு என்றால் நான் அதையே எடுப்பேன். கோட்பாட்டை மாற்றி மாற்றி மூன்றாவது தசம இடத்தில் சண்டை போடும் கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். தகட்டின் உள்ளே கலவை உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியாதபோது அந்தச் சண்டைக்குப் பொருளில்லை. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

கேள்வி: பீன்யாவில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு கல்லூரி ஆய்வுக் குழு ‘அலுமினியம் – அலுமினா படிமாற்றத் தகடு’ பத்து வேண்டும் என்று விலை கேட்டிருக்கிறது. உலை இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா ஐயா?
– பட்டறை உரிமையாளர், பீன்யா

பொடிகளை அடுக்கி உலையில் வைத்து இறுக்கலாம் என்று நினைத்திருந்தால், ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அலுமினாப் பொடி நன்றாக இறுக 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். மேல்முகம் வேகும்போது அடிமுகம் தரையில் ஓடும். காகிதத்தில் இந்த ஜோடி இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணம், 380, 70 என்ற இரண்டு எண்களும் தூரமாக இருப்பதால் வரைபடம் அழகாக வரும் என்பதுதான். அவர்கள் உங்களிடம் விலை கேட்டபோது உலையை நினைத்திருக்க மாட்டார்கள்.

செய்ய முடிந்தவை வேறு. உருகிய அலுமினியக் கலவையில் சிலிக்கன் கார்பைடு துகளைக் கலந்து, சுழலும் அச்சில் வார்த்தால், கனமான துகள் வெளிப்பக்கம் போய்ச் சேரும். படிமாற்றம் தானாகவே அமையும். ஆனால் அதில் வளையமும் குழாயும் வரும், தகடு வராது; துகளின் பங்கும் நூறு சதவீதத்தை எட்டாது. அலுமினாவேதான் வேண்டும் என்றால் பிளாஸ்மா தெளிப்பு: உலோகப் பொடியையும் செராமிக் பொடியையும் விகிதம் மாற்றி மாற்றிப் படலம் படலமாகத் தெளிப்பது. அதில் வருவது வழவழப்பான வளைகோடு அல்ல, படிக்கட்டு. நுண்துளைகளும் இருக்கும், அதனால் விறைப்பு புத்தக எண்ணைவிடக் குறையும். தெளிப்பு வசதி உங்களிடம் இல்லையென்றால், இருப்பவரிடம் கொடுத்து வாங்கி, வெட்டுவதையும் அரைப்பதையும் மட்டும் நீங்கள் செய்யலாம்.

எதைச் செய்தாலும் ஒரு துண்டை வெட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்துக்கு ஒரு நிறுவனம் ‘ஐந்து படி’ என்று சான்றிதழ் ஒட்டி அனுப்பிய மாதிரியில் நுண்ணோக்கியின் கீழ் மூன்று படிதான் இருந்தது. வைர வாளால் குறுக்கே அறுத்து, பேக்கலைட் வில்லையில் பதித்து, ஒரு மைக்ரான் வைரப் பசை வரை மெருகேற்றுங்கள். பிறகு விக்கர்ஸ் நுண்கடினச் சோதனை: அடிமுகத்திலிருந்து மேல்முகம் வரை சம இடைவெளியில் வரிசையாக வைரக் கூர்முனையால் முத்திரை குத்துவது. உலோகப் பக்கத்தில் சதுரத் தடம் பெரிதாக, ஓரம் மழுங்கி விழும். மேலே போகப்போகத் தடம் சிறுக்கும். செராமிக் நெருங்கியதும் தடத்தின் நான்கு முனைகளிலிருந்தும் மயிரிழை விரிசல்கள் கிளம்பும். தடத்தின் அளவு எங்கே சட்டென்று குதிக்கிறது என்று பாருங்கள். அங்கே படிக்கட்டில் ஒரு படி உயரமாகிவிட்டது, தகடு பிளந்தால் முதலில் அங்கேதான் பிளக்கும்.

விலை சொல்வதற்கு முன் கல்லூரிக் குழுவிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிகள் எத்தனை, ஒவ்வொன்றின் தடிமன் எவ்வளவு. எந்த முகம் இழுவிசைப் பக்கம். கடினச் சோதனையின் செலவு யாருடையது. மூன்றாவதுக்குப் பதில் வராவிட்டால் முன்பணம் வாங்காமல் பொடி வாங்காதீர்கள்.